திகிற்படமும் வினாக்கொத்தும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாசி மாதத்து இரவொன்றில் லண்டனிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவள் என் தங்கையின் பேத்தி. வயது பதினேழு. உயர்தர வகுப்பில் ஊடகவியலையும் ஒரு பாடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாடத்துக்கு ஓர் ஒப்படை இருந்தது. திகிற்படம் ஒன்றின் ஆரம்பக் காட்சியை, இரண்டு நிமிடத்துக்கு மேற்படாமல், மாணவர்களே எழுதிப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பாக, இந்தப் படம் யாருக்காக, அவர்கள் எதை விரும்புகிறார்கள் என்று விசாரித்து அறிக்கையும் எழுத வேண்டும்.

மின்னஞ்சலோடு ஒரு வினாக்கொத்து இணைக்கப்பட்டிருந்தது. 'தாத்தா, நீங்களும் நிரப்பி அனுப்புங்கோ' என்று ஒரு வரி. கதை எங்கே நடக்க வேண்டும்: காடா, கைவிடப்பட்ட வீடா, சுரங்க ரயில் நிலையமா? கொலையாளி எப்படி இருக்க வேண்டும்? கையில் என்ன ஆயுதம்? இசை வேகமாகவா, மெதுவாகவா? வயதுக்கான கட்டங்களில் கடைசிக் கட்டம் '25 இற்கு மேல்' என்றிருந்தது. அதில் அடையாளமிட்டு அனுப்பினேன்.

மறுநாள் தொலைபேசியில் அவளிடம் ஒன்று கேட்டேன். முந்திய நத்தார் விடுமுறையில் அவள் எனக்கு வேறொரு கதை சொல்லியிருந்தாள். அவளுடைய அம்மம்மா, அதாவது என் தங்கை, யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்துக் கதை. இரவில் தூரத்து ஒழுங்கையில் ஒரு நாய் குரைக்கும். சற்று நேரத்தில் அதற்கு அடுத்த ஒழுங்கை நாய். பிறகு இன்னும் கிட்ட. யாரோ நடந்து வருகிறார்கள் என்பதை வீட்டுக்குள் இருப்பவர்கள் அந்தக் குரைப்பை வைத்தே கணக்கிட்டுக்கொண்டிருப்பார்கள். வருவது யாரென்று தெரியாது. எந்த வீட்டுக்கென்றும் தெரியாது. அதைத்தான் படமாக்கப் போகிறேன் என்று சொன்னவள், இப்போது வேறு வழியில் போய்க்கொண்டிருந்தாள்.

"கேட்ட ஆக்களில முக்கால்வாசிப் பேர் காடும் முகமூடியும்தான் கேட்கினம், தாத்தா. நான் என்ன செய்ய?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. 'வாசகன் எதை விரும்புகிறான்?' என்று ஆசிரியபீடக் கூட்டங்களில் மேசையைத் தட்டிக் கேட்டவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களுள் வாசகன் ஒருவனையாவது நேரிற் கண்டு பேசியவர்கள் மிகச் சிலரே. ஆனால் திரைப்பட உலகில் இந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அவளுக்காக நான் தேடித் தொகுத்த குறிப்புகளே இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

சினிமாப் பார்வையாளரை முறையாக விசாரித்த முதல் ஆய்வுகளுள் ஒன்றைச் செய்தவரும் ஒரு மாணவிதான். எமிலி அல்டன்லோ என்ற ஜேர்மனியப் பெண், ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக, மன்ஹைம் நகரத்து மக்களிடம் ஏறத்தாழ 2,400 வினாக்கொத்துகளை நிரப்பி வாங்கினார். தொழில், வயது, பால் என்று பிரித்து, யார் எத்தகைய படத்துக்குப் போகிறார்கள் என்று ஆராய்ந்தார். அவரது ஆய்வு 1914 இல் நூலாக வெளிவந்தது. துப்பறியும் படங்களிலும் செவ்விந்தியர் படங்களிலும் தொழிலாளர் குடும்பத்து இளைஞருக்கு இருந்த மோகத்தை அவர் அப்போதே பதிந்துவிட்டார். அது படமெடுப்பதற்காகச் செய்த விசாரணை அல்ல, சமூகத்தை அறிவதற்காகச் செய்தது. இந்த வேறுபாடு முக்கியமானது.

படமெடுப்பதற்கு முன்னரே பார்வையாளரிடம் கேட்டு, அந்தப் பதிலின்படி படத்தைத் திட்டமிடலாம் என்ற எண்ணத்தை ஒரு தொழிலாக்கியவர் அமெரிக்கரான ஜோர்ஜ் கலப். கருத்துக் கணிப்பு என்றதும் நம்மவர்க்கும் நினைவுக்கு வரும் அதே கலப்தான். 1936 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் அதிகமான பதில்களைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்று எழுதியது. கலப் அதனோடு ஒப்பிடக் கூடாத அளவு சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46 ஐ வென்றார். டைஜஸ்ட் முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தது. பொருளாதார மந்த காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் யாரென்று விளக்க வேண்டியதில்லை. சஞ்சிகை 1938 இல் மூடப்பட்டது.

பேத்தியின் வினாக்கொத்தை நிரப்பியவர்கள் யார் என்று விசாரித்தேன். வகுப்புத் தோழர்களும் அவர்களுடைய நண்பர்களுமாம். டைஜஸ்ட் கதையை அவளுக்குச் சொன்னேன். சிரித்தாள்.

கலப் அமைத்த 'பார்வையாளர் ஆய்வு நிறுவனம்' 1940 இல் ஆர்.கே.ஓ. ஸ்ரூடியோவுடன் ஒப்பந்தம் செய்தது. பிற்காலத்தில் விளம்பர உலகின் பெரும்புள்ளியாகிய டேவிட் ஓகில்வி அப்போது இங்கிலாந்திலிருந்து வந்து அங்கே பணிபுரிந்தார். அவர்களுடைய வேலைமுறை இதுதான்: கதையைச் சில வரிகளில் சுருக்கி, ஊர் ஊராகப் போய் மக்களிடம் வாசித்துக் காட்டுவார்கள். இதைப் பார்க்கப் போவீர்களா? இந்தத் தலைப்புப் பிடிக்குமா, அந்தத் தலைப்பா? இந்த நடிகர் நடித்தால்? பதில்கள் எண்களாக மாறி ஸ்ரூடியோவின் மேசைக்குப் போகும். முடிந்த படத்துக்கும் ஒரு கருவி வந்தது. முன்னோட்டக் காட்சியில் இருப்பவர்கள் கையில் ஒரு சிறு குமிழைப் பிடித்துக்கொண்டு, பிடித்தால் ஒரு பக்கமும் பிடிக்காவிட்டால் மறு பக்கமுமாகத் திருப்ப வேண்டும். படம் ஓட ஓட ஒரு கோடு ஏறி இறங்கும்.

அதே காலத்தில், அதே ஆர்.கே.ஓ.வில் அல்பிரட் ஹிட்ச்கொக் 'சஸ்பிஷன்' என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். பிரான்சிஸ் ஐல்ஸ் 1932 இல் எழுதிய நாவல் அதற்கு மூலம். நாவலில் கணவன் கொலைகாரன். மனைவிக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே அவன் தரும் நஞ்சை அருந்துகிறாள். திரையில் கணவனாக நடித்தவர் கேரி கிராண்ட். பார்வையாளரின் செல்லப்பிள்ளையைக் கொலைகாரனாகக் காட்டலாமா என்பதே சிக்கல். முன்னோட்டக் காட்சியில் படத்தின் முடிவு எடுபடவில்லை. மீண்டும் படம்பிடித்தார்கள். 1941 இன் இறுதியில் வெளிவந்தபோது, கணவன் நிரபராதி, மனைவியின் சந்தேகம் வீண் என்று படம் முடிந்தது. தாம் விரும்பிய முடிவு வேறு என்று ஹிட்ச்கொக் பிற்காலத்தில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூபோவிடம் சொன்னார்: கணவனே கொலையாளி என்று தாய்க்குக் கடிதம் எழுதி ஒட்டிவிட்டு மனைவி பாலைக் குடிப்பாள். இதைத் தபாலில் சேர்த்துவிடுங்கள் என்று கடிதத்தை அவனிடமே கொடுப்பாள். அவள் இறந்தபின் அவன் சீட்டியடித்துக்கொண்டே அதைத் தபாற்பெட்டியில் போடுவான். ஸ்ரூடியோ ஆவணங்களைப் பின்னர் ஆராய்ந்தவர்களிற் சிலர் இந்தக் கூற்றை ஐயுறுகிறார்கள். பெரிய மனிதர்களும் தம் பழங்கதையைத் திருத்திச் சொல்லக்கூடியவர்களே. அதே பேட்டியில் இன்னொன்றும் சொல்கிறார்: கேரி கிராண்ட் கொலைகாரனாக இருக்கலாம் என்று எண்ண வைக்கும் இடங்களையெல்லாம் ஸ்ரூடியோக்காரர் ஒருவர் வெட்டியெறியப் படம் 55 நிமிடத்துக்குச் சுருங்கிப்போயிற்றாம். சந்தேகம் என்ற பெயருடைய படத்திலிருந்து சந்தேகத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நல்லவேளையாக வெட்டியவை திரும்பச் சேர்க்கப்பட்டன.

இப்போது அந்தப் படத்தில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது முடிவை அல்ல. இருண்ட படிக்கட்டில் கேரி கிராண்ட் ஒரு தம்ளர் பாலை ஏந்திக்கொண்டு ஏறி வரும் காட்சியைத்தான். கண் பாலை விட்டு அகலாதிருக்க, தம்ளருக்குள்ளே ஒரு சிறு மின்விளக்கை வைத்துப் படம்பிடித்தார் ஹிட்ச்கொக். பாலுக்குள் விளக்கு வேண்டும் என்று எந்தப் பார்வையாளரும் எந்த வினாக்கொத்திலும் கேட்டிருக்க முடியாது.

முன்னோட்டக் காட்சியின் கொடுமையான முகமும் ஆர்.கே.ஓ.விலேயே வெளிப்பட்டது. திகிற்படமல்லாவிடினும் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஓர்சன் வெல்ஸ் எடுத்த 'தி மக்னிபிசன்ட் அம்பர்சன்ஸ்' படத்தை 1942 மார்ச் 17 இல் பொமோனா என்ற ஊரில் முன்னோட்டமாகக் காட்டினார்கள். அன்று அங்கே கூடியிருந்தவர்கள் கலகலப்பான இசைப்படம் ஒன்றுக்கு வந்த இளவட்டங்கள். வீழ்ச்சியுறும் ஒரு குடும்பத்தின் சோகக் கதை அவர்கள் முன்னே ஓடியது. சிரித்தார்கள், எழுந்து போனார்கள். கருத்து அட்டைகளிற் பெரும்பாலானவை எதிராகவே இருந்தன. தலைசிறந்த படைப்பு என்று எழுதிய அட்டைகளும் இருந்தன. அவை எண்ணிக்கையிற் குறைவு. வெல்ஸ் அப்போது பிரேசிலில். 131 நிமிடப் படம் 88 நிமிடமாக வெட்டப்பட்டது. முடிவை வேறொருவர் எடுத்து ஒட்டினார். வெட்டிய சுருள்களைப் பின்னர் அழித்துவிட்டார்கள்.

1948 இல் கலப்பின் கையும் சறுக்கியது. டியூயி வெல்வார் என்றார், ட்ரூமன் வென்றார். தேர்தலுக்கு ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு முன்னரே கேட்பதை நிறுத்திவிட்டதும் அதற்கு ஒரு காரணம். மக்கள் மனம் அதற்குப் பின்னர் மாறியது.

'சஸ்பிஷன்' வெளிவந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின், 1960 இல், ஹிட்ச்கொக் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ரொபேர்ட் புளொக்கின் 'சைக்கோ' நாவலின் உரிமையை ஏறத்தாழ 9,000 டொலருக்கு வாங்கினார். பரமவுண்ட் ஸ்ரூடியோ பணம் போட விரும்பவில்லை. தம் தொலைக்காட்சித் தொடரின் தொழிலாளரை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில், எட்டு இலட்சம் டொலரளவில் சொந்தப் பொறுப்பில் எடுத்து முடித்தார். கதாநாயகி ஜனற் லீ பாதிப் படத்துக்கு முன்னரே குளியலறையிற் கொல்லப்படுகிறார். கதாநாயகியை இடைநடுவிற் கொல்லலாமா என்று கலப்பின் ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? ஹிட்ச்கொக் கேட்கவில்லை. விமர்சகருக்கும் முன்கூட்டிக் காட்டவில்லை. படம் தொடங்கிய பின்னர் வருவோரை உள்ளே விடக்கூடாது என்று திரையரங்குகளுக்குக் கட்டளையிட்டார். பார்வையாளருக்கு எது எப்போது தெரியவேண்டும் என்பதைத் தாமே நிர்ணயித்தார்.

ஆனால் ஹிட்ச்கொக் பார்வையாளரை மதிக்கவில்லை என்று எண்ணினால் அது தவறு. அவர் த்ரூபோவுக்குச் சொன்ன வெடிகுண்டு உவமை திரைப்பட மாணவர் எல்லோருக்கும் தெரிந்தது. மேசைக்குக் கீழே குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. முன்னரே தெரிந்தால், மேசையில் இருப்பவர்கள் வெறும் கதை பேசிக்கொண்டிருக்கும் பதினைந்து நிமிடமும் பதைப்பு. அதாவது அவர் கவனித்தது பார்வையாளனின் விருப்பத்தை அல்ல, இந்த நிமிடத்தில் அவனுக்கு என்ன தெரியும் என்பதை. பேத்தியின் வினாக்கொத்தில் விடுபட்டுப்போனதும் இந்தக் கேள்விதான் என்று அவளுக்கு எழுதினேன்.

இதற்கு நல்ல சான்று ஸ்டீவன் ஸ்பில்பேர்க்கின் 'ஜோஸ்'. 1975 மார்ச் 26 இல் டலஸ் நகரில் முதல் முன்னோட்டக் காட்சி. ஒருவர் எழுந்து வெளியே ஓடி வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பவும் வந்து தன் இருக்கையில் அமர்ந்தாராம். படம் வென்றுவிட்டதென்று அப்போதே தெரிந்தது என்கிறார் ஸ்பில்பேர்க். சுறா திடீரெனத் தலைநீட்டும் காட்சியில் அரங்கே அலறியது. அவருக்கோ இன்னோர் அலறல் வேண்டும் என்ற பேராசை. மூழ்கிய படகின் ஓட்டையில் ஒரு பிணத்தின் தலை வெளிப்படும் காட்சியை, படத்தொகுப்பாளர் வேர்னா பீல்ட்ஸின் வீட்டு நீச்சற்குளத்தில், தம் கைப்பணத்தில் மீண்டும் எடுத்தார். கடல்நீர் போலக் கலங்கலாகத் தெரிய நீரிற் பாலைக் கலந்தார்கள். (திகிற்படக்காரருக்கும் பாலுக்கும் ஏதோ பூர்வஜன்மத் தொடர்பு போலும்.) அடுத்த காட்சியில் தலையைக் கண்டு அரங்கு அலறியது. ஆனால் பின்னால் வரும் சுறாக் காட்சிக்கு முன்னிருந்த அலறல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒருமுறை ஏமாந்தவர்கள் அடுத்ததை எதிர்பார்த்து எச்சரிக்கையாகிவிட்டார்கள் என்பது ஸ்பில்பேர்க்கே சொன்ன விளக்கம்.

என் மதிப்பீட்டில் இதுவே உண்மையான பார்வையாளர் ஆய்வு. எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. இருட்டில் நின்று கவனித்தார்கள்.

இதற்குப் பின் ஆய்வு பெருந்தொழிலாயிற்று. ஜோசப் பரல் என்பவர் 1978 இல் தொடங்கிய நிறுவனம், ஹொலிவூட் ஸ்ரூடியோக்களின் முன்னோட்டக் காட்சிகளைப் பெருமளவில் நடத்தியது. படம் முடிந்ததும் அட்டை கொடுப்பார்கள். மிகச் சிறப்பு, மிக நன்று என்ற முதல் இரு கட்டங்களிலும் எத்தனை வீதம் விழுந்தது, நண்பருக்கு நிச்சயம் பரிந்துரைப்பீர்களா என்பதற்கு எத்தனை வீதம் என்பவை தயாரிப்பாளரின் உறக்கத்தைத் தீர்மானித்தன. 1987 இல் 'பேற்றல் அற்ராக்ஷன்' படம் இந்தச் சோதனைக்கு உள்ளாயிற்று. திருமணமான ஒருவனோடு தொடர்புகொண்டு பின்னர் அவனைத் துரத்தும் பெண்ணாக கிளென் குளோஸ் நடித்தார். முதலில் எடுத்த முடிவில் அவள் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறாள். கத்தியில் அவனுடைய கைரேகை இருப்பதால் பழி அவன்மேல் விழுகிறது. பார்வையாளருக்கு அது போதவில்லை. அவளைத் தண்டித்தாக வேண்டும் என்றார்கள். கிளென் குளோஸ் எதிர்த்துப் பார்த்தார், இறுதியில் இணங்கினார். மனைவி அவளைச் சுட்டுக்கொல்வதாக முடிவு மாறியது. உலகெங்கும் 30 கோடி டொலருக்கு மேல் வசூல், ஆறு ஒஸ்கார் பரிந்துரைகள். வியாபாரக் கணக்கில் ஆய்வு வென்றது. ஆனால் மனநோயுற்ற ஒரு பெண்ணின் கதை, பேயோட்டும் கதையாகிப் போனது. இந்தக் குறை கிளென் குளோஸுக்குப் பல ஆண்டுகள் கழிந்தும் தீரவில்லை.

நம் மொழியிலும் ஓர் உதாரணம் உண்டு. ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கி 1954 இல் வெளிவந்த 'அந்த நாள்'. பாட்டு இல்லை, நடனம் இல்லை. கதாநாயகன் சிவாஜி கணேசன் படம் தொடங்கியவுடனேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார். 'சைக்கோ'வுக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலத்துத் தமிழ்ப் பார்வையாளரிடம் எத்தனை பாட்டு வேண்டும் என்று வினாக்கொத்துக் கொடுத்திருந்தால், பூச்சியம் என்ற கட்டத்தை எவர் தெரிந்தெடுத்திருப்பார்? படம் அன்று வசூலில் தோற்றது என்பதையும் மறைக்கக்கூடாது. கேட்காமல் எடுத்ததற்கு ஏவி.எம். விலை கொடுத்தது. இன்று அந்த ஆண்டின் வெற்றிப்படங்கள் பலவற்றின் பெயர் மறந்துபோயிற்று. 'அந்த நாள்' பேசப்படுகிறது.

இவற்றையெல்லாம் ஒரு வாரத்தில் மூன்று மின்னஞ்சல்களாக எழுதியனுப்பினேன். கிழவனின் தொல்லை என்று நினைத்திருப்பாள். வினாக்கொத்தைத் தூக்கியெறி என்று நான் சொல்லவில்லை. ஒப்படைக்குப் புள்ளி இடும் ஆசிரியர் அதைத்தான் முதலிற் பார்ப்பார். கேள்வியை மாற்று என்றேன். என்ன வேண்டும் என்று கேட்காதே. உன் கதையை எடு, வெட்டி ஒட்டாத நிலையிலேயே சிலருக்குப் போட்டுக் காட்டு, இடையிடையே நிறுத்தி, இப்போது என்ன நடக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று கேள் என்றேன்.

அவள் அப்படியே செய்தாள். ஒரு பழைய வீட்டின் பின்னறை, ஒரு விளக்கு, மடியில் குழந்தையோடு ஒரு பெண். வெளியே நாய்கள். வகுப்புத் தோழர்கள் சிலருக்குப் போட்டுக் காட்டினாள். பாதியில் நிறுத்தியபோது ஒருவரும் பயந்திருக்கவில்லை. நாய் குரைக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். அந்தப் பெண் ஏன் அசையாமல் இருக்கிறாள் என்று ஒருவன் கேட்டானாம். தமிழ்ப் பிள்ளைகள் இருவர் மட்டும் வேறுவிதமாகப் பதில் சொல்லியிருந்தார்கள். குண்டு மேசைக்குக் கீழே இருந்தது. அது மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

முகமூடிக்குத் திரும்பிப் போவாளோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அவள் போகவில்லை. இரண்டே இடங்களை மாற்றினாள். முதல் நாய் குரைத்ததும் அந்தப் பெண் எழுந்து, வாசலில் கிடந்த இரண்டு சோடிச் செருப்பில் ஆண்செருப்பை மட்டும் எடுத்து உள்ளே ஒளிக்கிறாள். இரண்டாவது நாய்க்கு விளக்கைத் தணிக்கிறாள். மீண்டும் காட்டியபோது, மூன்றாவது நாய் குரைக்கு முன்னரே அறை அமைதியாகிவிட்டது என்று எழுதியிருந்தாள். அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்விக்கு, உள்ளே ஒரு ஆண் ஒளிந்திருக்கிறான், அவனைத் தேடி வருகிறார்கள் என்று பெரும்பாலானோர் பதில் எழுதியிருந்தார்கள். காடு கேட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

ஒப்படையைக் கொடுப்பதற்கு முதல்நாள் அதை அம்மம்மாவுக்குக் கைத்தொலைபேசியிற் போட்டுக் காட்டியிருக்கிறாள். என் தங்கை கண்ணாடியைத் தேடி எடுக்கு முன்னரே படம் ஓடத் தொடங்கிவிட்டது. திரை அவளுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது நாய் குரைத்ததும், "அது எந்தப் பக்கத்து ஒழுங்கை?" என்று கேட்டாளாம்.

இந்தப் பதிலை அறிக்கையிற் சேர்த்தாயா என்று பேத்தியிடம் கேட்டேன். சேர்க்கவில்லையாம். இலக்குப் பார்வையாளர் 15 முதல் 24 வயது வரை என்று முதற்பக்கத்திலேயே எழுதிவிட்டாளாம்.